இருபத்தொன்றே முக்கால் அங்குலம்

அந்த அக்காவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவருடைய முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. கழுத்தில் தையல்காரர்களின் மஞ்சள் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கி நான்கே நாளான மவுண்டன் பைக்கைக் கையால் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் சைக்கிள் கடையில் நான் இருந்த புகார் மேசைக்கு நேர் எதிரே நிறுத்தினார்.

"சார், இந்த வண்டி என்னைத் தள்ளி விடுது."

கியர் விழவில்லை என்பார்கள், பிரேக் கத்துகிறது என்பார்கள். வண்டி தள்ளி விடுகிறது என்று, ஏதோ கூடப் படிக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல யாரும் சொன்னதில்லை.

"எப்படித் தள்ளுது?"

"நேரா போனா நல்ல பிள்ளையா போகுது. மெதுவா திருப்பினா ஹேண்டில் தானா உள்ளே சாயுது. காலு போய் முன் டயர்ல மாட்டுது. அப்புறம் நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்."

"ஓட்டப் பழகி எத்தனை நாளாச்சு?"

"நாலு நாளா. இதுலதான் பழகறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நாற்பத்து நான்கு வயதில் முதல் சைக்கிள், அதுவும் இருபத்தொரு கியர் வண்டி. விழாமல் என்ன செய்யும்? ஆனாலும் விதிப்படி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் காற்றை அழுத்திப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், ஏறி உட்கார்ந்து கடையின் நீளத்துக்கு ஒரு போக்கு போய், இறங்கித் திருப்பி, ஒரு வரத்து வந்தார். எங்கள் கடையில் இரண்டு வரிசைச் சைக்கிள்களுக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்குத்தான் வழி. வளைத்துத் திருப்ப இடமே கிடையாது.

"வெண்ணெய் மாதிரி போகுதுக்கா," என்றார்.

என் முன்னால் புகார்த் தாள் இருந்தது. அதில் காரணத்துக்கு மூன்று கட்டங்கள். உற்பத்திக் குறை, தேய்மானம், ஓட்டுநர் பழக்கக் குறைவு. நான் மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டு, கீழே விளக்கமாகவும் எழுதினேன்: 'வண்டியில் குறை ஏதுமில்லை. ஓட்டுபவருக்குப் போதிய பழக்கம் இல்லை.' கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பக்கத்தில் என் பட்டத்தையும் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடும் இடத்தில் இன்றும் கட்டைவிரல்தான் வைக்கிறார். அதனால் எங்கே கையெழுத்துப் போட்டாலும் பட்டத்தையும் சேர்த்துப் போடுவது வழக்கமாகிவிட்டது. அதில் தப்பொன்றும் இருப்பதாக எனக்கு அன்று தோன்றவில்லை.

அக்கா தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "சரி சார். நான்தான் சரியில்லை போல," என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை கணுக்காலில் கட்டு. காத்திருந்த நேரத்தில் மெக்கானிக் அண்ணன் வாயைக் கிளறினார்.

"டேப்பு அக்கா, இந்த வயசுல ரேசுக்குப் போகப் போறீங்களா?"

"ரேசுதான் தம்பி. வயசோட ரேசு."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்தில் கரைக் காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எட்டு கிலோமீட்டர் மண் கரை. மோட்டார் வண்டி ஏறினால் கரை இளகும் என்று தடை. எனவே காலையும் மாலையும் கியர் சைக்கிளில்தான் சுற்றி வர வேண்டும், சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு எதுவுமில்லை. இரண்டு பீப்பாய்களைச் சுற்றி மெதுவாக ஐந்து முறை எட்டுப் போட வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றலாம், இரண்டாம் தடவை ஊன்றினால் போச்சு. ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு. வயது வரம்பு நாற்பத்தைந்து. அக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது.

"தையல் வேலை இருக்கே அக்கா?"

"கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க தம்பி. பதினேழு வருஷம் கை வெட்டினேன்." அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். "சட்டைக் கை. பயப்படாதீங்க. இப்போ வீட்டுல கிழிசல் தைக்கிறேன், ஜிப்பு மாத்தறேன். அதுல வயித்தைக் கழுவலாம். வீடு கிடைக்காதே."

வேலையோடு வீடும் உண்டாம். கரையடியில் இரண்டு அறைக் குடியிருப்பு. அக்காவுக்கு வேலையைவிட அந்த இரண்டு அறைதான் பெரிதாக இருந்தது. கணவர் இறந்தபிறகு அக்கா தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில், மாடிப்படிக்கு அடியில் ஒரு அறையில் இருந்தார். அந்த அறையில் இரண்டு பேர் படுக்க முடியாது. அதனால் மகள் மூன்று வருடமாக நாத்தனார் வீட்டில், வேறு ஊரில். பதினொரு வயது.

"போன மாசம் போன்ல பேசும்போது, 'அம்மா, நீங்க எப்போ எங்க வீட்டுக்கு வருவீங்க'ன்னு கேட்டா," என்றார் அக்கா. "எங்க வீடாம். வாங்க போங்கன்னு வேற கூப்பிடறா, விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி."

மெக்கானிக் அண்ணன் குனிந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். தேவையே இல்லாத எண்ணெய்.

நான் என் பங்குக்கு உதவி செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் நான்கு பேரோடு ஒரே சைக்கிளில் பழகியவன் என்ற தைரியத்தில் யோசனை சொன்னேன். "அக்கா, முன்பாதத்தால மிதிக்காதீங்க, குதிகாலால மிதிங்க. டயர்ல கால் படாது. திரும்பும்போது உடம்பை வெளிப்பக்கம் சாய்ச்சுக்குங்க. நல்லா அகலமா சுத்துங்க." அவர் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து விழுவது குறைந்தது. நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் சோதனை ஒரு திங்கட்கிழமை. அக்கா ஏழு முறை கால் ஊன்றினார். இரண்டாவது தடவையிலேயே நிறுத்தச் சொல்லியும் விடாமல் ஓட்டினாராம். வண்டியில் கோளாறு இருக்கிறது என்று அக்கா அழாத குறையாகச் சொல்ல, அலுவலர், "கடையில காட்டினீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா ரவிக்கைக்குள் இருந்த தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். என் தாள். அவர் படித்துவிட்டு, "படிச்ச பிள்ளை தெளிவா எழுதிக் கொடுத்திருக்கே அம்மா. வண்டி மேல பழி போடாதீங்க," என்று அந்தத் தாளையும் கோப்பில் வைத்துக்கொண்டாராம்.

இரண்டாவது வாய்ப்பு அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா கடைக்கு வந்தார். புகார் எதுவும் சொல்லவில்லை. எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வரிசையாக நின்ற புது வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரமாவது இருக்கும். பார்க்கச் சகிக்காமல், "டீ குடிக்கிறீங்களா அக்கா?" என்றேன். அக்கா திடீரென்று எழுந்தார். கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு முதல் வண்டிக்குப் போனார். பெடல் சுற்றும் அச்சில் ஒரு முனையை வைத்து, முன்சக்கரத்தின் அச்சு வரை இழுத்தார்.

"இருபத்தஞ்சு."

அடுத்த வண்டி. "இருபத்தஞ்சு." அதற்கடுத்தது. "இதுவும் இருபத்தஞ்சு."

பிறகு தன் வண்டிக்கு வந்தார். டேப்பை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"தம்பி, இங்க வாங்க. நீங்களே படிங்க."

படித்தேன். இருபத்தொன்றே முக்கால்.

"ஒரே அளவு, ஒரே மாடல். மூணே கால் அங்குலம் எங்க போச்சு?" என்றார். பிறகு முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கைத் தொட்டுக் காட்டினார். "இந்த வளைவைப் பாருங்க. அந்த வண்டியில எல்லாம் முன்னால பார்த்து இருக்கு. என்னுதுல என்னைப் பார்த்து இருக்கு. பிரேக்கும் அப்படித்தான். இது என்ன தெரியுமா? முன்கழுத்தை வெட்டி முதுகுல தச்சிருக்கீங்க!"

மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரோடு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி. ஃபோர்க்கையே திருப்பி மாட்டியிருக்காங்க. என் கண்ணு எங்கக்கா போச்சு?"

வண்டிகள் எங்களுக்குப் பெட்டியில் வரும். கிடங்கில் வைத்து ஃபோர்க், ஹேண்டில், பெடல் எல்லாம் பூட்டுவார்கள். ஒரு நாளைக்கு முப்பது வண்டி பூட்ட வேண்டும் என்று கணக்கு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஃபோர்க் எந்தப் பக்கமும் சுழலும். அது பின்னால் திரும்பி நிற்கும்போது ஒருவர் ஹேண்டிலைப் பூட்டிவிட்டார். அதற்கேற்றபடி சக்கரத்தையும் பிரேக்கையும் மாட்டியாகிவிட்டது. நேராகப் போகும், பார்க்கப் புதுசாக இருக்கும். முன்சக்கரம் மட்டும் காலுக்கு மூன்றங்குலம் கிட்டே வந்து நிற்கும். மெதுவாகத் திருப்பினால் ஹேண்டில் தானாகவே சாயும். அக்கா முதல் நாள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. 'நாங்கள் தப்பாகப் பூட்டினோம்' என்று ஒரு கட்டத்தை யார் அச்சடிப்பார்கள்?

"எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே, சரி பண்ண?"

"பதினஞ்சு நிமிஷம்," என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு மாதம் விழுந்து எழுந்த உடம்பு அது.

மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர்தான், யாரையும் அதட்ட மாட்டார். ஆனால் கோப்பைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டார். "மூடின புகாரைத் திறக்கணும்னா தலைமை அலுவலகம் சொல்லணும். அதுக்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை யாரும் அந்த வண்டியில கை வைக்கக் கூடாது."

"நாளைக்குச் சோதனை சார்."

"அதே லோடுல முப்பது வண்டி வித்திருக்கோம். ஒண்ணு தப்புன்னு ஒத்துக்கிட்டா முப்பது பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. எழுதினது யாரு? நீதானே. அப்போ தெரியலையா?"

வெளிக்கடையில் கொடுத்துச் சரிபார்க்கவும் வழியில்லை. விற்ற கடையின் முத்திரை போட்ட தகுதிச் சீட்டு இருந்தால்தான் வண்டியைச் சோதனைக்கே விடுவார்கள். வெளி ஆள் கை வைத்தது தெரிந்தால் சீட்டு செல்லாது.

சாயங்காலம் சொல்லிவிட்டு வரலாம் என்று அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். மாடிப்படியின் அடிப்பக்கம்தான் அந்த அறைக்குக் கூரை. உள்ளே போகப் போகத் தலை குனிய வேண்டும். ஒரு தையல் மெஷின், ஒரு டிரங்குப் பெட்டி, சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள். இன்னொரு மெஷினை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கினாராம். படுக்கையை எங்கே விரிப்பார் என்று கண்ணால் தேடினேன். ஹேண்டிலுக்கு நேர் கீழே ஒரு தலையணை கிடந்தது.

வெளியே அக்காவின் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். "கடைக்காரத் தம்பியா? நீங்களாவது சொல்லுங்க. அறையில மனுஷி பாதி, சைக்கிள் பாதி. மாசக் கடைசியில என் பையன் குடும்பத்தோட வந்து இறங்கறான். நான் யாரை எங்க வைக்கிறது? சைக்கிளை மடிச்சா வைக்க முடியும்?"

"என்னை மடிச்சிடலாம் அண்ணி," என்று உள்ளிருந்து அக்காவின் குரல். "மடிச்சு மடிச்சுதான் இந்த அளவுக்கு வந்திருக்கேன்."

அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவர் இல்லை. இடம்தான் இல்லை.

நான் மேலாளர் சொன்னதைச் சொல்லி முடிக்கும் முன்பே போன் அடித்தது. தினமும் ஆறு மணிக்கு மகள் பேசுவாளாம். குரல் எனக்கே கேட்டது.

"அம்மா, எட்டு போட வந்துடுச்சா?"

"வந்துடுச்சுடி. நாளைக்குப் போட்டுடுவேன்."

"அத்தை அடுத்த வருஷத்துக்கும் இங்கேயே ஸ்கூல்ல பேர் எழுதணும்னு சொல்றாங்க. எழுதட்டுமா?"

அக்கா டேப்பின் முனையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். "நாளைக்கு ஒரு நாள் பொறுக்கச் சொல்லு கண்ணு. நாளைக்குச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"காலையில எட்டரைக்கு வண்டியோட கடைக்கு வாங்க அக்கா. ஒன்பதுக்குத்தான் மேலாளர் வருவார்," என்றேன். அதைச் சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. பதினான்கு நிமிடம். பிரேக் கம்பியை விடுவித்து, ஹேண்டிலின் திருகைத் தளர்த்தி, ஃபோர்க்கை அரைவட்டம் சுழற்றி முன்னால் கொண்டுவந்து, இறுக்கி முடித்தார். அக்கா டேப் வைத்தார். இருபத்தைந்து. முகம் மலர்ந்தது. தகுதிச் சீட்டில் நானே முத்திரை போட்டேன். பின்பக்க முற்றத்தில் இரண்டு வாளியை வைத்து, "போடுங்கக்கா எட்டு," என்றார் அண்ணன்.

அக்கா ஏறினார். முதல் வாளியைச் சுற்றும்போதே தடுமாறி விழுந்தார்.

எழுந்து மறுபடி ஏறினார். மறுபடி விழுந்தார். இந்த முறை எதிர்ப்பக்கம்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி சரியாக இருக்கிறது, பிறகு ஏன்? மூன்றாவது முறை விழுந்து எழுந்தபோது அக்காவே சொன்னார். "உடம்பு பழைய வண்டியையே ஓட்டுது தம்பி. ஹேண்டில் சாயும்னு முன்னாடியே எதிர்ப்பக்கம் இழுக்குது கை. இப்போ அது சாயலை. நான்தான் சாயறேன்."

குதிகால் மிதி, வெளிப்பக்கச் சாய்வு, அகலச் சுற்று. கோணல் வண்டிக்கு என்று நான் சொல்லிக் கொடுத்த கோணல் வித்தை அத்தனையும் அந்த உடம்பில் இறங்கியிருந்தது. ஒரு மாதம் கஷ்டப்பட்டுக் கற்றதைப் பதினான்கு நிமிடத்தில் பிடுங்கிவிட்டோம்.

"பழையபடியே திருப்பி மாட்டிடுங்க," என்றார் அக்கா. "அதுலயாவது நாலு தடவையில ரெண்டு தடவை கால் ஊனாம வந்தேன். கும்பிட்டுக் கேக்கறேன், திருப்பிடுங்க."

"மாட்டேன்கா," என்றார் அண்ணன். "கரை மேல அதுல போய் விழுந்தீங்கன்னா அந்தப் பக்கம் தண்ணி. என் கையால செய்ய மாட்டேன்."

மணி ஒன்பது. மேலாளரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்கா வண்டியில் ஏறிப் போனார்.

நீர்த்தேக்க அலுவலகத்துக்கு அண்ணனும் நானும் பின்னாலேயே போனோம். மேலாளரிடம் வயிற்றுவலி என்றேன். அண்ணன் தனக்கும் வயிற்றுவலி என்றார். மைதானத்தில் இரண்டு நீலப் பீப்பாய். அக்கா முதல் எட்டைச் சுத்தமாக முடித்தார். இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் கால் ஊன்றினார். ஒன்று. நான்காவது எட்டு முடிந்தது. ஐந்தாவதில், கடைசிப் பீப்பாயின் கடைசி வளைவில், கை தன் பழைய புத்தியைக் காட்டி வெளிப்பக்கம் இழுத்தது. கால் தரையில் பட்டது. இரண்டு.

அக்கா வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றியபடி அப்படியே பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தர் பேரேட்டில் ஒரு கோடு கிழித்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் அலுவலரிடம் ஓடினேன். கட்டையான மனிதர், கழுத்தில் விசில். ஃபோர்க் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"முதல் சோதனையில வண்டியே தப்புன்னா அந்தச் சோதனை செல்லாது. இன்னொரு வாய்ப்பு தரலாம். ஆனா கடை எழுத்துல தரணும். பட்டியல் இன்னிக்கு நாலு மணிக்குப் போகுது."

கடைக்குத் திரும்பினேன். மேலாளர் முடியவே முடியாது என்றார். "கடைத் தாள்ல அப்படி எழுதினா நீயும் இங்க இல்லை, நானும் இங்க இல்லை." கடைத்தாள் இல்லையென்றால் என்ன? வெள்ளைத் தாள் எடுத்து என் கைப்பட எழுதினேன். வண்டியைத் தவறாகப் பூட்டி விற்றது நாங்கள். சோதித்துப் பார்க்காமல் பழக்கக் குறைவு என்று எழுதியது நான். இந்தத் தவறில் அந்த அம்மாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. கீழே கையெழுத்து, அதன் பக்கத்தில் பட்டம். வீட்டுக்கு மாதாமாதம் என் ஒரு சம்பளம்தான் போகிறது.

மூன்றரைக்கு அலுவலர் மேசையில் இரண்டு தாளும் அருகருகே இருந்தன. பழையது, புதியது. ஒரே எழுத்து, ஒரே கையெழுத்து.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே தம்பி? நான் எதை நம்பறது?"

வண்டியைச் சரிசெய்ததோடு சாட்சியும் போய்விட்டது. அக்கா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, தன் காலணிகளைக் கழற்றி மேசைக்கு முன்னால் வைத்தார். இரண்டின் முனையும் டயரில் தேய்ந்து, விரல் தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தன.

"நிறைய ஓட்டினா காலணி தேயத்தான் செய்யும் அம்மா," என்றார் அவர். இரக்கமாகத்தான் சொன்னார்.

அப்போது, என்னோடு வந்திருந்த மெக்கானிக் அண்ணன் பேன்ட் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். "சார், ஒரு கால்மணி நேரம் கொடுங்க. வித்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டித் தரேன். நீங்களே ஓட்டிப் பாருங்க."

அலுவலர் சிரித்தார். "நான் முப்பது வருஷமா சைக்கிள் ஓட்டறேன். வண்டி எப்படி இருந்தா என்ன?" ஆனாலும் எழுந்தார். எழுத்தரும், காவலாளியும், தோல்வியடைந்த இன்னும் இரண்டு பேரும் வந்து மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டினார். மூன்று ஐம்பதுக்கு அலுவலர் ஏறினார்.

நேர் தூரத்தில் ராஜா மாதிரி போனார். முதல் பீப்பாயைத் திரும்பினார். ஷூ டயரில் உரசிய சத்தம் கேட்டது. சட்டென்று கால் ஊன்றினார்.

"தரை சரியில்லை," என்று மறுபடி மிதித்தார். அடுத்த பீப்பாய். ஹேண்டில் சாய்ந்தது, இழுத்துப் பிடித்தார், கால் மாட்டியது. மறுபடி ஊன்றினார்.

எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு தன் பேரேட்டைப் பார்த்தார். அலுவலர் இறங்கி, கால்சட்டையைத் தட்டிவிட்டு, அக்காவைப் பார்த்தார்.

"இதுலயா ஒரு மாசம் ஓட்டினீங்க?"

அக்கா தலையாட்டினார். காலையிலிருந்து தேக்கி வைத்திருந்தது அப்போதுதான் கண்ணில் வந்தது.

"அந்த அம்மா பேரைப் பட்டியல்ல வைங்க," என்றார் எழுத்தரிடம். "செவ்வாய்க்கிழமை காலை. நீங்க ஸ்பேனர் வச்சிருக்கீங்களே, அந்தக் கழுதையை முதல்ல நேராக்குங்க."

அந்த நான்கு நாளும் அக்கா ஒரு பள்ளி மைதானத்தில் ஓட்டினார். நானும் போனேன், வாயைத் திறக்காமல் ஓரமாக நின்றேன். யோசனை எதுவும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் முழுக்க விழுந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் குதிகால் தானாகப் பின்வாங்கி, முன்பாதம் பெடலில் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை ஐந்து எட்டையும் ஒரே ஒரு முறை கால் ஊன்றி முடித்தார். கடைசி வளைவில் அவர் மூச்சுவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த வாரமே என்னைப் புகார் மேசையிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, அதுவே ஆச்சரியம். அந்த முப்பது வண்டியில் இன்னும் இரண்டு அப்படித்தான் பூட்டப்பட்டிருந்தன என்று பிறகு தெரிந்தது. மேலாளரே ஆள் அனுப்பிச் சத்தமில்லாமல் சரி செய்தார். நான் இப்போது வண்டி பூட்டுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு டேப்போடு நிற்கிறேன். வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு, ஒரு கையெழுத்து. பட்டத்தையும் போடுகிறேன். ஆனால் அளந்த பிறகுதான்.

அக்கா நீர்த்தேக்கத்தில் காலை முறை பார்க்கிறார். கரையடியில் ஏழாம் எண் குடியிருப்பு, இரண்டு அறை. ஒன்றில் தையல் மெஷின், இன்னொன்றில் இரண்டு படுக்கை. சைக்கிள் வெளியே தாழ்வாரத்தில் நிற்கிறது. மகள் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். அத்தை வீட்டை இன்னும் சில நேரம் 'எங்க வீடு' என்று வாய் தவறிச் சொல்கிறாள். அக்கா திருத்துவதில்லை. அம்மாவை வாங்க போங்க என்று கூப்பிடுவதை மட்டும் மகள் விட்டுவிட்டாள்.